பென்னிகுயிக் சொத்தை விற்றாரா?

போன பொங்கலுக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில் ஒரு சின்ன மனஸ்தாபம். காசு பணத்தினால் வந்ததல்ல. நூறு வருஷங்களுக்கு முன்னால் இங்கிலாந்தில் இறந்துபோன ஒரு வெள்ளைக்காரரால் வந்தது. நானும் என் மைத்துனரும் நாலைந்து நாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

விஷயம் இதுதான். மைத்துனரின் பேத்தி எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி. தலைப்பு, கர்னல் ஜான் பென்னிகுயிக். தேனி, கம்பம் பக்கத்துப் பிள்ளைக்கு வேறு என்ன தலைப்பு கொடுப்பார்கள்? நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்து, "தாத்தா, எழுத்துப்பிழை மட்டும் பாத்துக் குடுங்க" என்றாள்.

என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தால் எழுத்துப்பிழையோடு நிற்க மாட்டேன் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ஆபீசில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து தேய்ந்த கை இது. மூன்றாம் பக்கத்தில், அணை கட்டப் பணம் பற்றாமல் போகவே பென்னிகுயிக் இங்கிலாந்துக்குப் போய்த் தன் சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் விற்றுப் பணம் கொண்டுவந்து அணையை முடித்தார் என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனாவால் அதைச் சுழித்து, ஓரத்தில் "ஆதாரம்?" என்று எழுதினேன். கோப்பில் எழுதுவது போலவே, சுருக்கொப்பமும் போட்டேன்.

அந்தத் தாள் மைத்துனர் கண்ணில் பட்டது. அவ்வளவுதான்.

"என்ன மச்சான், எங்க சாமியவே பொய்யிங்கிறீங்களா?"

இங்கே என்னைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். பழைய வாசகர்களுக்குத் தெரியும், புதியவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பாண்டிச்சேரியில் பிறந்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். பிரெஞ்சில் பாடம் படித்துவிட்டு, பிழைப்புக்குத் தமிழ்நாட்டில் வந்து தமிழில் கோப்பு எழுதியவன். பொட்டிப்புரம் என் மனைவியின் ஊர். ஓய்வு பெற்றதும் இங்கேயே வந்துவிட்டோம். நியூட்ரினோ ஆய்வகம் வரும், வராது என்று பத்திரிகைகளில் அடிபட்டதே, அதே பொட்டிப்புரம்தான். அந்த மலை தினமும் என் ஜன்னல் வழியே தெரிகிறது.

எங்கள் பிரெஞ்சுச் சரித்திரப் புத்தகத்தில் முதல் பாடமே நம் மூதாதையர் கோல் இனத்தவர் என்பது. மஞ்சள் முடி, நீலக் கண், தொங்கு மீசை என்று படமும் இருந்தது. வகுப்பில் முப்பது கறுப்புப் பையன்கள் அதை ஒரே குரலில் ஒப்பித்தோம். எங்கள் வாத்தியாரும் தமிழர்தான். "முசே, எங்க தாத்தாவுக்கு நீலக்கண்ணா?" என்று ஒருவன் கேட்டுவிட்டான். முசே சிரிக்கவில்லை. "பரீட்சைக்கு இதை எழுது, வீட்டுக்குப் போய்த் தாத்தாவைப் பார்" என்றார். அச்சடித்த புத்தகத்திலும் பொய் இருக்கும் என்று நான் முதன்முதலில் அறிந்தது அன்றைக்குத்தான்.

அதே முசே இன்னொரு நாள் பிரெஞ்சுப் புரட்சிப் பாடம் நடத்தினார். 1789 ஜூலை 14 அன்று பாரிஸ் மக்கள் பாஸ்டில் சிறையைத் தகர்த்தார்கள். பாண்டிச்சேரியில் அந்த நாளைக் கொண்டாடிப் பழகிய பிள்ளைகள் நாங்கள். "உள்ளே எத்தனை கைதிகள் இருந்தார்கள்?" என்று கேட்டார். ஆயிரம் என்றான் ஒருவன். பத்தாயிரம் என்றான் இன்னொருவன். "ஏழு பேர்" என்றார் முசே. வகுப்பு அப்படியே சப்பென்று ஆகிவிட்டது. அவர் கேட்டார்: "ஏழு பேர்தான் என்று சொன்னதால் புரட்சி சின்னதாகிவிட்டதா?" அந்தக் கேள்வி அறுபது வருஷமாக என்னோடு வருகிறது.

சரி, பென்னிகுயிக்குக்கு வருவோம்.

அவர் பிறந்தது 1841 ஜனவரி 15, புனேயில். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பெரியவர்கள் சொன்ன 1876-78 பஞ்சத்தில் மதுரைச் சீமை காய்ந்து கருகியது. மேற்கே ஓடிக் கடலில் விழும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்ற யோசனை அதற்கு முன்பே உண்டு. 1789-லேயே ராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்து இருளப்ப பிள்ளை அதற்காக ஆள் அனுப்பிப் பார்த்தார். 1808-ல் கேப்டன் கால்டுவெல் அளந்து பார்த்து, நடக்காத காரியம் என்று எழுதிவிட்டார். 1882-ல் திட்டத்தைத் திரும்ப வகுக்கும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் மகாராஜாவோடு 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், ஆக வருஷத்துக்கு 40,000 ரூபாய். 1887-ல் வேலை தொடங்கியது. 1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் சுரங்கம் வெட்டி, அதன் வழியே தண்ணீரை நம் பக்கம் இறக்கினார்கள். இன்றைக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைவது அந்தத் தண்ணீரில்தான். மதுரை, மேலூர், சிவகங்கை என்று அது போகிற தூரம் உங்களுக்கே தெரியும்.

இதில் எதையும் நான் சுழிக்கவில்லை. சுழித்தது அந்த நகை விற்ற வரியை மட்டும்.

என் கணக்கு சாதாரண குமாஸ்தாக் கணக்கு. இது சென்னை அரசாங்கத்தின் வேலை. ஒப்பந்தம் அரசாங்கத்தின் பெயரில், பொறியாளர்கள் அரசாங்கச் சம்பளத்தில், மதிப்பீடும் திருத்திய மதிப்பீடும் அரசாங்க ஒப்புதலில். அவரோடு வேலை பார்த்த மெக்கன்சி என்ற பொறியாளர் இந்தத் திட்டத்தின் வரலாற்றைத் தனிப் புத்தகமாகவே எழுதி 1899-ல் சென்னையில் வெளியிட்டார். ஓர் அதிகாரி தன் கைக்காசை மூட்டையாகக் கொண்டுவந்து அரசாங்க வேலையில் போட்டால் அதை எந்தக் கணக்குத் தலைப்பில் வரவு வைப்பது? ஒரு பைசா கூடுதலாக வந்தாலும் தணிக்கைக்காரன் விட மாட்டான். குறைந்தால் ஒரு கேள்வி, கூடினால் ஒன்பது கேள்வி. அணையின் செலவோ பல லட்சம், அதுவும் அந்தக் காலத்து லட்சம். ஒரு பொறியாளர் வீட்டையும் நகையையும் விற்று அடைக்கிற பள்ளமா அது? அணை முடிந்த பின் அவர் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரிக்குத் தலைவரானார். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்துக்கு யோசனை சொல்லக் கூப்பிட்டார்கள். 1911 மார்ச் 9-ல் காலமானார்.

சொத்து விற்ற கதையை எனக்குச் சொன்னவர்கள் நூறு பேர் இருப்பார்கள். காகிதம் காட்டியவர் ஒருவரும் இல்லை.

மைத்துனரிடம் இதையெல்லாம் ஒரு கோப்புக் குறிப்பு மாதிரி வரிசையாகச் சொன்னேன். கூடவே இன்னொன்றையும் நினைவூட்டினேன். 2011-ல் 'டேம் 999' என்று ஒரு படம் வந்தது. 999 வருஷக் குத்தகையை ஞாபகப்படுத்துகிற பெயர், அணை உடைகிற கதை. தமிழ்நாடு அரசு அந்தப் படத்தைத் தடை செய்தது. அணை பற்றிப் பீதி கிளப்புகிறான் என்று இந்தப் பள்ளத்தாக்கே கொதித்தது. அந்த டிசம்பரில் குமுளி நோக்கி நடந்த கூட்டத்தில் மைத்துனரும் ஒருவர். "அணையைப் பத்தி அடுத்தவன் இல்லாததைச் சொன்னா நமக்குக் கோபம் வருது. நாம இல்லாததைச் சொன்னா மட்டும் இனிக்குதா மாப்ள?" என்று கேட்டேன்.

கேட்டிருக்கக் கூடாது. வயதுக்குத் தகுந்த நிதானம் எனக்கு அன்றைக்கு இல்லை.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி ஒன்று சொன்னார்.

"அந்த வெள்ளைக்காரருக்குக் காகிதம் இருக்கு மச்சான். அவர் பொறந்த தேதி இருக்கு, செத்த தேதி இருக்கு. எங்க பூட்டனுக்குக் காகிதம் ஏது? அப்ப அவரும் பொய்யா?"

எனக்குச் சுருக்கென்றது.

என் மனைவி வீட்டில் ஒரு சங்கதி உண்டு. கல்யாணமான புதிதிலேயே என் மாமனார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவருடைய தாத்தா, அதாவது மைத்துனருக்குப் பூட்டன், அணை வேலைக்கு மலையேறிப் போனவர். திரும்பி வரவில்லை. காய்ச்சல் கண்டு அங்கேயே போய்விட்டார் என்று கூடப் போனவர்கள் வந்து சொன்னார்களாம். வீட்டில் பூட்டி அப்போது முழுகாமல் இருந்தாள். எங்கே புதைத்தார்கள் என்று தெரியாது. மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் படையல் போடும்போது அவருக்கென்று ஓர் இலை போடுவார்கள். ஐம்பது வருஷமாக நானும் அந்த இலைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டிருக்கிறேன். அதற்கு ஒருநாளும் நான் ஆதாரம் கேட்டதில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. என் கோலால் அளந்தால் பூட்டனும் ஒரு சிவப்புச் சுழிதான். பிறப்புச் சான்று இல்லை, இறப்புச் சான்று இல்லை, மஸ்டர் ரோலில் பெயர் பார்த்தவர் இல்லை. அணை வேலையில் மலேரியாவாலும் மற்ற நோய்களாலும் கூலியாட்கள் ஏராளமாகச் செத்தார்கள் என்பது உண்மை. அந்த ஏராளத்துக்குள் இவர் ஒருவர் என்பது குடும்பத்தார் வாய்மொழி மட்டுமே. அரசாங்கக் காகிதம் பெரியவர்களின் பெயரை எழுதும், சின்னவர்களைத் தொகையாக எழுதும். அந்தத் தொகை எழுதுகிற வேலையைத்தான் நானும் முப்பத்தைந்து வருஷம் செய்தேன்.

காகிதம் இருந்தால்தான் நிஜம் என்று சொன்னால் பூட்டன் போகிறார். சொன்னதெல்லாம் நிஜம் என்று விட்டால் நீலக்கண் தாத்தாவும் உள்ளே வந்துவிடுவார். என்ன செய்வது?

பாண்டிச்சேரிக்காரனுக்கு இதில் வழிகாட்ட ஒரு பெரிய ஆள் உண்டு. துய்ப்ளெக்சின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிவைத்தவர். தான் நேரில் கண்டது, இன்னார் வந்து சொன்னது, ஊரில் பேசிக்கொள்வது என்று எல்லாமே அதில் இருக்கும். வதந்தியைக்கூட எழுதுவார், ஆனால் அது யார் வாய்ச் செய்தி என்று தெரியும்படி எழுதுவார். இருநூற்றைம்பது வருஷம் கழித்தும் அந்த நாட்குறிப்பு நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதை வைத்துத்தான் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்' நாவலை எழுதினார். நாவல் என்று சொல்லியே எழுதினார். கல்கியும் அப்படித்தான். நந்தினி அவர் கற்பனை. படிக்கிற நாம்தான் நந்தினி எந்த ஊர்க்காரி என்று கல்வெட்டில் தேடுகிறோம்.

சினிமாவிலும் சின்னச் சின்னப் பிழைகளை நான் பெரிதாக நினைப்பதில்லை. ராஜா காலத்துப் படத்தில் மின்கம்பி தெரிந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். பிரெஞ்சுச் சிப்பாய் இங்கிலீஷில் கத்தினால் என்னைப் போன்ற நாலு பேருக்கு மட்டும் காது கூசும். பணம் கொடுத்தது யார், உயிர் கொடுத்தது யார், குற்றம் செய்தது யார் என்பதை மாற்றினால்தான் தப்பு.

1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தை நானும் பையனாக இருந்தபோது வாய் பிளந்து பார்த்தவன்தான். ஜாக்சன் துரைக்கு முன்னால் சிவாஜி பேசிய வசனம் இன்றும் பலருக்கு மனப்பாடம். வசனம் எழுத்தாளருடையது. ஆனால் நடந்த சரித்திரத்தில் ஒரு விஷயம் அதைவிட ருசியானது. ராமநாதபுரத்தில் நடந்த அந்தச் சந்திப்பு கைகலப்பில் முடிந்த பிறகு கம்பெனியே விசாரணை வைத்தது. குற்றம் ஜாக்சன் மீது என்று கண்டு, அவரைப் பதவியை விட்டு நீக்கியது. அடுத்து லூஷிங்டன் கலெக்டராக வந்தார். எதிரியின் காகிதமே கட்டபொம்மனுக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது! வசனத்தை ஒப்பித்த நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மதுரையிலும் சமீபத்தில் ஒன்று நடந்தது. 2021-ல் கலைஞர் நூலகத்துக்கு இடம் பார்த்தபோது, அது பென்னிகுயிக் வாழ்ந்த வீடு, அதை இடிக்கக் கூடாது என்று பேச்சு கிளம்பியது. அந்தக் கட்டடமே அவர் இறந்த பிறகு எழுந்தது என்று அரசு விளக்கியது. 1911 என்ற ஒரே ஒரு வருஷத்தை ஞாபகம் வைத்திருந்தால் அத்தனை பேச்சும் மிச்சம்.

இப்படி யோசித்துக்கொண்டே படுத்திருந்தபோது ஒன்று புரிந்தது. நகை விற்ற கதையில் எனக்கு இடறுவது ஆதாரம் இல்லாதது மட்டுமல்ல. அந்தக் கதையில் ஒரே ஒரு மனிதர்தான் தியாகம் செய்கிறார். அரசாங்கம் கொடுத்த பணம் வானத்திலிருந்து விழுந்ததா? பஞ்சத்தில் அடிபட்ட இதே ஜனங்களிடம் வாங்கிய வரியும் அதில் இருந்தது. அட்டையும் கொசுவும் நிறைந்த காட்டில் சுண்ணாம்பும் சுர்க்கியும் சுமந்தவர்கள் இங்கிருந்து போனவர்கள். எல்லாத் தியாகத்தையும் ஒருவர் கணக்கில் வரவு வைத்தால் மற்றவர்கள் பேரேட்டிலேயே இல்லாமல் போகிறார்கள். பூட்டனை மறைப்பது என் சிவப்புப் பேனா மட்டுமல்ல, அந்த நகைப்பெட்டியும்தான்.

அந்த வரி இல்லாமல் போனால் பென்னிகுயிக் சிறுத்துவிடுவாரா? முசே கேட்டது போல நானும் கேட்டுப் பார்த்தேன். நடக்காது என்று பெரிய பொறியாளர்கள் எழுதிவைத்ததை, வெள்ளமும் காய்ச்சலும் விரட்டிய மலையில், எட்டு வருஷம் நின்று நடத்திக் காட்டியவர். லோயர் கேம்ப்பில் மணிமண்டபம், தேனிப் பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர், பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல், வீட்டுக்கு வீடு படம். இவ்வளவுக்கும் அந்த எட்டு வருஷமே போதும். அணை நிற்கிறது, தண்ணீர் வருகிறது. அதைவிட என்ன ஆதாரம்?

விடிந்ததும் பேத்தியைக் கூப்பிட்டேன். சிவப்புச் சுழியை அடித்து, ஸ்டெட் என்று எழுதுவோமே, அதுபோல "இருக்கட்டும்" என்று எழுதினேன். அந்த வரிக்கு முடிவில் மட்டும் "என்று நம் ஊர்ப் பக்கம் சொல்வார்கள்" என்று சேர்க்கச் சொன்னேன். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி: அணை கட்டும்போது பெயர் தெரியாத கூலியாட்கள் பலர் நோயில் இறந்தார்கள், என் தாத்தாவின் பூட்டனும் அதில் ஒருவர் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

"ரெண்டுக்கும் ஒரே மாதிரி 'சொல்வார்கள்'னு வருதே தாத்தா?" என்றாள்.

"ஆமாம்மா. ரெண்டும் காதால கேட்டதுதானே. அணையும் தண்ணியும் கண்ணால பாக்கிறது, அதுக்கு 'சொல்வார்கள்' வேண்டாம்."

போட்டியில் அவளுக்குப் பரிசு இல்லை. உணர்ச்சியாகப் பேசிய பையன் முதல் பரிசு வாங்கிவிட்டான். ஆனால் பூட்டனைப் பற்றிச் சொன்னபோது ஓர் ஆசிரியை கூப்பிட்டு, எங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் உண்டு என்றாராம். இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

மைத்துனர் பொங்கலன்று வந்து கரும்பை வைத்துவிட்டுப் போனார். பேச்சு சுருக்கம்தான். மாசி சிவராத்திரியன்று கோயிலில் படையல் முடிந்து, இலை எடுக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மச்சான், நீங்க என்னவோ ஒரு நோட்டுல எழுதிக்கிட்டே இருக்கீங்களே, அதுல எங்க பூட்டனப் பத்தியும் எழுதி வச்சிருங்க. எங்கப்பா எனக்குச் சொன்னாருன்னே எழுதுங்க. எனக்குப் பின்னால யாரு சொல்லப் போறா?"

அங்கேயே எழுதிக்கொண்டேன். என் மாமனார் சொன்னது, அவருக்கு அவர் அப்பா சொன்னது, அவருக்குப் பூட்டி சொன்னது. நான்கு வாய் கடந்து வந்த செய்தி. பெயர், போன வழி, கூடப் போனவர்கள் எந்த ஊர் என்று தெரிந்தவரை குறித்தேன். கடைசியில் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். மைத்துனரிடமும் கையெழுத்து வாங்கினேன். பழக்கதோஷம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெரியவர் இருப்பார். அணைக்குப் போனவரோ, தோட்டத்துக்குப் போனவரோ, பர்மாவுக்கோ இலங்கைக்கோ கப்பலேறினவரோ. யார் யாருக்குச் சொன்னது என்பதையும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நம் வயதில் இதைத் தள்ளிப்போட முடியாது.